பீஸ் கட்டை

நாற்பது மீட்டர் என்கிறது போன்.
எனக்கு அது பேக்கரிக்கும் பழைய தறிக்குடோனுக்கும் நடுவே
ஒரு டீ ஆறுகிற தூரம்.
தினம் ஷிப்டுக்கு நடக்கிற வழியை
நீலப் புள்ளி காட்டித்தர
களவாணியைப் போல நடந்தேன்,
யாரும் பார்த்துவிடக் கூடாதென்று.

சோமனூரில் ஒரு ராக் பேண்டு இருந்தது.
சொன்னால் சிரிப்பீர்கள். அப்போதும் சிரித்தார்கள்.
ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும்.
அந்த ஒரு நாள்தான் ஊருக்குக் காது திரும்பி வரும்,
அதையும் நாங்கள் விடவில்லை.
தீபன் கிட்டார்.
நசீருக்கு நாடா அடிக்கிற அடியில்தான் டிரம்ஸ் ஓடும்,
வேறு தாளம் கேட்டால் முழிப்பான்.
ஜெயக்கொடி பாடினாள்,
மீட்டருக்கு எத்தனை பைசா கூலி என்று
தொண்டை கிழிய.
நான் பேஸ்.
நான்கு கம்பி. யார் காதிலும் தனியாக விழாது,
நின்றுபோனால்தான் தெரியும்.

மாரியம்மன் நோம்பிக்குக் குடோன் வாசலில் மேடை போட்டோம்.
மூன்றாவது பாட்டில்
லைன்மேன் வந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினார்.
குடோன் பில் ஏழு மாதம் பாக்கியாம்.
இருட்டில் நசீர் மட்டும் நிறுத்தவேயில்லை.
எங்களுக்குப் பேர் கிடைத்தது அன்றைக்குத்தான்.
மறுவாரம் புதுக் கட்டை போட்டார்கள்,
பழசை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது பிரதிக்ஷா என்று ஒரு பெண்,
அந்த நோம்பியில் பஞ்சுமிட்டாய்க்கு அழுத வயது,
எங்களை ஒளியில் செய்து
அதே வாசலில் நிறுத்தியிருக்கிறாள்.
போனைத் தூக்கிப் பிடித்தால் வாசிப்போமாம்.
பக்கத்தில் எங்கேயோ ஒரு போசி ஒளிந்திருக்கிறதாம்,
கண்டுபிடித்தவர்கள் நோட்டில் பேர் எழுதலாம்.

தூக்கிப் பிடித்தேன்.
தீபனுக்கு முடி இருந்தது.
மஸ்கட்டுக்குப் போகாத ஜெயக்கொடி
மைக்கைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி
அன்றைக்குப் போலவே பிடித்திருந்தாள்.
நசீரின் கை தெரியவேயில்லை, அவ்வளவு வேகம்.
இடப்பக்கம், தரையில்,
ஒரு மஞ்சள் வட்டம்.
'இங்கே நில்லுங்கள்.'

எல்லாப் போட்டோவும் நான் எடுத்தது,
அதனால் எதிலும் நானில்லை.
அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த கணக்கு
பேண்டில் நாலு பேர், படத்தில் மூணு பேர்.
வருகிறவர் யாரோ, அவர் நாலாவது.

யூனிபாரத்தோடு ஒரு பையன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
"ஏனுங்ணா, ரவுண்டுக்குள்ள நிக்கோணும்,
இன்னுங் கொஞ்சம் அக்கட்டால போங்" என்றான்.
அங்கே ஆம்ப் இருந்தது, தம்பி,
நான் நின்றது இங்கேதான்
என்று வாய்வரை வந்தது.
அக்கட்டால போனேன்.
பாட்டு தொடங்கியது. பேஸ் கேட்கவில்லை.
போன் ஸ்பீக்கரில் வராது, தெரியும்.

அவன் ஒரு படம் எடுத்தான்.
இருபத்திரண்டு வயதில் மூன்று பேர்,
ஓரத்தில் பஞ்சு ஒட்டிய தலையோடு ஓர் ஆள்.
"பொருத்தமாவே இல்லீங்ணா."
அழித்துவிட்டு அவனே போய் நின்றான்,
இல்லாத கம்பிகளை
இடது கையால் மீட்டினான்.
பொருத்தமாகத்தான் இருந்தது.

மீட்டர் பெட்டிக்குப் பின்னால் போசி.
உள்ளே நோட்டு, பென்சில், யாரோ போட்டுப்போன ஹேர்பின்,
ஒரு பீங்கான் பீஸ் கட்டை,
'அன்று பிடுங்கப்பட்டது' என்ற சீட்டோடு.
பீங்கானில் ஒரு கரிக்கோடு இல்லை.
விலை ஸ்டிக்கரைப் பாதிதான் உரித்திருந்தார்கள்.

அசல் என் கால்சட்டைப் பையில் தொடையை இடித்தது.
போடத்தான் கொண்டுவந்தேன்.
ரெண்டு கட்டை கிடந்தால்
எது நெசம் என்று ஒருவன் கேட்பான்,
அப்புறம் அது ஒரு பஞ்சாயத்து.

நோட்டில் பதினேழு பேர்.
'ராக்கெல்லாம் பிடிக்காது, மழைக்கு ஒதுங்கினேன்,
நல்லாருந்துச்சு' என்று வால்பாறைக்காரர் ஒருவர்.
பதினெட்டாவதாக எழுதினேன்:
'மூன்றாவது பாட்டில் பேஸைக் கொஞ்சம் கூட்டுங்கள்.'
பேர் எழுதுகிற இடத்தில்
பென்சில் முனை ஒடிந்தது.
பையனிடம் பேனா கேட்கலாமென்று திரும்பினேன்.
அவன் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தான்.